பழுப்பு ட்ரௌட் மீனும் அது குடியேறிய ஆறுகளும்

(சங்க அங்கத்தினர் வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



ஓர் ஊரார் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துச் சந்தா செலுத்தி ஒரு காரியத்தை மேற்கொண்டால், வருஷ முடிவில் அதன் வரவு செலவைப் பார்ப்பது வழக்கம். ஆற்றிலும் ஏரியிலும் புதிய ஜாதி மீனைக் கொணர்ந்து விட்ட சங்கங்களும் அவ்வாறே பார்த்தன. முட்டை எத்தனை வந்தது, குஞ்சு எத்தனை பிழைத்தது, மீன் பிடிக்கும் அனுமதிச் சீட்டால் எவ்வளவு பணம் சேர்ந்தது என்பனவெல்லாம் அக்கணக்குகளில் ஒழுங்காக ஏறின. அந்த ஜலத்தில் முன்னரே வாழ்ந்து வந்த மீன்களுக்கும், அவற்றைப் பிடித்துண்டு ஜீவித்த ஜனங்களுக்கும் நேர்ந்தது மட்டும் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. அந்த ஜனங்கள் சங்கத்தில் அங்கத்தினர் அல்லர். மீன்களோ முறையிட வாயற்றவை. இவ்விஷயத்தை விளக்குவதற்குப் பழுப்பு ட்ரௌட் என்னும் மீனின் சரித்திரத்தைப் போல் தெளிவானது வேறொன்று கிடைப்பது அரிது.

ட்ரௌட்டுக்குத் தமிழில் பெயர் இல்லை. தமிழர் வாழும் சமவெளிகளில் அது இல்லாமையே காரணம். அதன் பிறப்பிடம் ஐரோப்பா. வடக்கே ஐஸ்லாந்து, நார்வே முதல் தெற்கே வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைகள் வரையிலும், கிழக்கே மேற்கு ஆசியாவின் குளிர்ந்த நதிகள் வரையிலும் அது இயற்கையாக வாழ்கிறது. லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்து சாஸ்திரி 1758இல் இதற்கு ஸால்மோ ட்ருட்டா என்று பெயரிட்டார். பழுப்பும் பொன்னிறமும் கலந்த உடல். அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். பக்கங்களில் வெளிறிய வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகள். வாலுக்குச் சற்று முன்னே முதுகில் எலும்பற்ற ஒரு சிறு சதைத் துடுப்பு. சால்மன் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. சில ஆறுகளில் இதே ஜாதி மீன்களில் ஒரு பகுதி சமுத்திரம் சென்று, அங்கே பெருத்து வெள்ளி நிறம் பெற்று, முட்டையிடுவதற்கு ஆற்றுக்குத் திரும்புவதும் உண்டு.

இம்மீனுக்கு இன்றியமையாதவை குளிர்ச்சியும் பிராணவாயுவும். ஜலம் 13 டிகிரி சென்டிகிரேட் அளவில் இருக்கும்போது நன்றாக வளரும். 20 டிகிரிக்கு மேல் தீனியில் நாட்டம் குறையும். 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் நீடித்தால் மடிந்துபோகும். குளிர்ந்த ஜலத்தில் பிராணவாயு மிகுதியாகக் கரைந்திருக்கும். பாறையில் மோதி நுரைத்து ஓடும் ஓடையில் பின்னும் மிகுதி. ஆதலின் மலை ஓடைகளும், ஆழ்ந்து தெளிந்த ஏரிகளுமே இதன் வாசஸ்தலம். இலையுதிர் காலத்தின் இறுதியில் பெண் மீன் சரளைக் கற்கள் நிறைந்த ஆற்றுப் படுகையை நாடி, பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கற்களை அடித்துத் தள்ளிக் குழி பறித்து, அதில் முட்டையிட்டு, மறுபடியும் கற்களால் மூடிவிடும். கற்களின் இடுக்குகளில் ஜலம் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சுண்டு. மேலே சேறு படிந்து இடுக்கு அடைபட்டால் முட்டைகள் அழுகும். பத்து டிகிரிக் குளிரில் ஏறத்தாழ ஆறு வாரத்தில் பொரிக்கும்; குளிர் கூடக் கூடப் பொரிக்கும் காலம் நீளும். இந்தச் சிறு உண்மையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்வரும் கடற்பிரயாணம் முழுவதும் இதனையே நம்பி நடந்தது.

பொரித்த குஞ்சுகள் சுபாவத்தில் சண்டைக்காரர்கள். ஓடையில் ஒரு கல்லின் மறைவைத் தன் இடமாகப் பிடித்துக்கொண்டு, வரும் தீனியை அங்கிருந்தே பிடித்து, அயலானை அண்டவொட்டாமல் துரத்தும். புழுப் பருவத்தை நீரில் கழிக்கும் பூச்சிகள், நத்தை, நண்டு, சிறு மீன் எல்லாம் இதற்கு உணவு. பெரிய ட்ரௌட் நீரில் விழுந்த எலியைக்கூட விழுங்கும். தன் சொந்த தேசத்தில் இதனுடன் பன்னெடுங்காலம் பழகிய மீன்களும், இதனைத் தின்னும் பிராணிகளும் உண்டு; ஆதலால் அங்கே இதன் ஆதிக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. பிற தேசங்களில் அந்த எல்லை இருக்குமா என்று, கப்பலேற்றியவர்கள் ஆராயவில்லை.

கப்பலேற்றிய கதையைச் சற்று விரிவாகச் சொல்லுதல் தகும். ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள தாஸ்மேனியாத் தீவில் குடியேறிய ஆங்கிலேயர், தங்கள் சீமையின் சால்மன் மீனை அங்குள்ள ஆறுகளில் காண விரும்பினர். அவர்களுக்கு வேண்டியது சால்மன், ட்ரௌட் அன்று. பூமத்தியரேகையின் உஷ்ணத்தைத் தாண்டி மீன் முட்டையைக் கொண்டுபோவது எங்ஙனம்? பல முயற்சிகள் வீணாயின. 1862இல் பியூட்டிபுல் ஸ்டார் என்ற கப்பலில் ஏற்றிய முட்டைகளும் வழியில் அழிந்தன. ஜேம்ஸ் ஆர்ண்டெல் யூல் என்பவர் சோர்வடையாமல், பனிக்கட்டி அறையில் முட்டைகளை வைத்துச் சோதித்து, ஈரப் பாசியினிடையே பொதிந்து கடுங்குளிரில் வைத்தால் அவை மாதக் கணக்கில் பொரியாமல் உயிரோடு இருக்கும் என்று கண்டார். 1864ஆம் வருஷம் ஜனவரியில் நார்போக் என்னும் கப்பல் லண்டனிலிருந்து புறப்பட்டபோது, அதன் பனிக்கட்டி அறையில் மரப்பெட்டிகளில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட சால்மன் முட்டைகள் இருந்தன. புறப்படும் தறுவாயில் பிராங்க் பக்லண்ட் முதலிய மீன் சாஸ்திர அபிமானிகள், போகிற போக்கில் இதுவும் போகட்டும் என்பதுபோல், ஏறத்தாழ 3,000 ட்ரௌட் முட்டைகளையும் சேர்த்துக் கொடுத்தனர்.

கப்பல் ஏப்ரலில் மெல்போர்ன் சேர்ந்தது. அங்கிருந்து வேறு கப்பலில் முட்டைகள் தாஸ்மேனியா சென்று, பிளென்டி என்னும் ஓடைக்கரையில் வெட்டப்பட்டிருந்த குளங்களை அடைந்தன. மே மாதத் தொடக்கத்தில் முதல் ட்ரௌட் குஞ்சு பொரித்தது. அப்பால் நடந்தது விதியின் விளையாட்டு என்றே சொல்லலாம். ஆயிரக்கணக்கான சால்மன் குஞ்சுகள் வளர்த்து விடப்பட்டன. அவை சமுத்திரம் சென்றன. திரும்பி வந்து குலம் தழைக்கவில்லை. பின்னும் பல தடவை முயன்றும் பலனில்லை. கடைசி நிமிஷத்தில் ஏற்றிய ட்ரௌட்டிலோ பிழைத்தவை சில நூறே. அவை 1866இல் குளத்திலேயே முட்டையிட்டன. அந்த முட்டைகளே தென் பூகோளத்தின் முதல் ட்ரௌட் வம்சத்துக்கு மூலதனம்.

அடுத்த வருஷம், 1867இல், தாஸ்மேனியாவிலிருந்து நியூஜீலந்துக்கு முட்டைகள் சென்றன. அத்தேசத்தில் குடியேறியவர்கள் 1861 முதல் மாகாணந்தோறும் சங்கங்கள் நிறுவி, சீமையின் பிராணிகளையும் பறவைகளையும் மீன்களையும் தருவித்துப் பழக்கிவந்தனர். நிர்வாகக் கமிட்டி, சந்தா, வருஷ அறிக்கை, மீன் பண்ணை, சம்பளக்காரக் காவலன் என்று சகலமும் அச்சங்கங்களுக்கு உண்டு. நிர்வாகத்தில் குறை கூற இடமில்லை, நேர்மையானவர்கள், உழைப்பாளிகள். முதலில் பிழைத்த மீன் விரல்விட்டு எண்ணத்தக்கதே ஆயினும், அவர்கள் ஒவ்வோர் ஆற்றுக்கும் குஞ்சுகளைச் சுமந்து சென்று விட்டனர். அங்குள்ள ஆறுகளில் தீனி மிகுதி. ட்ரௌட்டை எதிர்க்கும் பெரிய மீன் விலாங்கைத் தவிர வேறில்லை. சீமையில் அபூர்வமான பருமன் அங்கே சாதாரணமாயிற்று. இன்றளவும் அதன் செழிப்பு குறையவில்லை: 2020ஆம் வருஷம் அந்நாட்டு ஓஹாவ் கால்வாயில் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பழுப்பு ட்ரௌட் பிடிபட்டது.

இவ்வெற்றியின் புகழ் பரவிற்று. 1883இல் ஜெர்மனியிலிருந்து வான் பேர் என்பவர் அனுப்பிய முட்டைகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளை அடைந்தன. காச்மீரத்துக்கு முதலில் அனுப்பியவை அழிந்து, 1900இல் சென்றவை பிழைத்து, ஹார்வானில் மீன் பண்ணை ஏற்பட்டது. அங்குள்ள உயர்ந்த ஓடைகள் சுதேச ஸ்கிசோதொராக்ஸ் மீன்களுடன் ட்ரௌட்டுக்கும் உரியவையாயின. நீலகிரிக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. டாக்டர் பிரான்ஸிஸ் டே 1860களில் சீமையிலிருந்து அங்கே ட்ரௌட்டைக் கொணர முயன்று தோல்வியுற்றார். பின்னர் எச். ஸி. வில்ஸனின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் பண்ணை ஸ்தாபிக்கப்பட்டது. எனினும் நீலகிரியில் நிலைத்தது வட அமெரிக்காவின் வானவில் ட்ரௌட்டே ஒழியப் பழுப்பு ட்ரௌட் அன்று. உஷ்ணதேசத்தில் இவற்றுக்கு மலையுச்சியை விட்டால் இடமில்லை; சமவெளி ஆற்றின் வெப்பமே அவற்றுக்கு வேலியாயிற்று. நியூஜீலந்தில் அப்படியொரு வேலி இல்லை. மலை முதல் கடல் வரை அத்தேசத்து ஆறுகள் பெரும்பாலும் குளிர்ந்தவை.

இனி அக்கணக்கின் எழுதாத பத்தியைப் பார்க்கலாம்.

நியூஜீலந்தின் ஆறுகள் மீனற்று வெறுமையாகக் கிடந்தன என்று குடியேறியவர்களிற் பலர் எண்ணினர். உண்மை அதுவன்று. அங்கே 50க்கு மேற்பட்ட சுதேச மீன் வகைகள் உண்டு. பெரும்பாலும் சிறியவை, இரவில் நடமாடுபவை, கல்லிடுக்கில் ஒளிபவை. தூண்டிற்காரன் கண்ணுக்கு அவை மீனாகத் தோன்றவில்லை. அவற்றுள் முக்கியமானது காலக்ஸியஸ் என்ற கூட்டம். செதில் இல்லாத வழுவழுப்பான உடல். முதலில் வருணிக்கப்பட்ட வகையின் கரிய மேனியில் சிதறிக் கிடந்த புள்ளிகள் வானத்துப் பால்வீதியை ஒத்திருந்தமையால் இப்பெயர் வந்தது. இவற்றுட் சில வகைகளின் குஞ்சுகள் கடலில் சில மாதம் வளர்ந்து, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் சிறு மீன்களாய் வசந்த காலத்தில் கூட்டங்கூட்டமாக ஆறேறும். மாவோரி ஜனங்கள் அவற்றை வலைகொண்டு அள்ளி உண்பர், உலர்த்தியும் சேமிப்பர். வேறு சில வகைகள் கடலையே காணாமல் ஒரே ஓடையின் தலைப்பில் பிறந்து அங்கேயே மடிபவை.

உபோகொரொரோ என்று மாவோரிகள் அழைத்த இன்னொரு மீன், குடியேற்றத்தின் ஆரம்பத்தில் ஆறுகளில் திரள் திரளாகக் காணப்பட்டது. 1870களிலிருந்து வேகமாகக் குறைந்தது. 1930களுக்குப் பின் அது பிடிபட்டதற்கு உறுதியான சான்று கிடையாது. இன்று அது அழிந்த இனம். ட்ரௌட் ஒன்றே இதற்குக் காரணம் என்று தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது. காடுகள் வெட்டப்பட்டு, ஓடைகள் நிழலிழந்து சேறாயின. அதுவும் ஒரு காரணமே. ஆனால் சட்டப் புஸ்தகத்தில் உள்ள இரண்டு தேதிகள் கவனிக்கத்தக்கவை. ட்ரௌட்டைக் காக்கும் சட்டம் 1867இல், அதாவது அதன் முட்டை வந்த அதே வருஷத்தில், இயற்றப்பட்டுவிட்டது. உபோகொரொரோவைக் காக்கும் விதி 1951இல் வந்தது. இடையே 84 வருஷங்கள். வந்த மீனுக்கு வீடு கட்டி வைத்துக் காத்திருந்தார்கள். இருந்த மீனுக்கு அது போனபின் காவல் போட்டார்கள்.

விலாங்கின் கதை இதனினும் வருந்தத்தக்கது. நீண்ட துடுப்புடைய விலாங்கு நியூஜீலந்தையன்றி வேறெங்கும் இல்லாதது. மெல்ல வளர்ந்து, பல பத்து வருஷங்கள் ஆற்றில் வாழ்ந்து, ஆயுளின் முடிவில் ஒரே ஒரு தடவை பசிபிக் சமுத்திரத்தின் உஷ்ணப் பிரதேசத்துக்கு நீந்திச் சென்று, முட்டையிட்டு இறக்கும். மாவோரிகளுக்கு அது பிரதான உணவு. அதனைப் பிடிப்பதற்கு ஆற்றில் கழி நாட்டிப் பட்டி கட்டும் வித்தை அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. விலாங்கு ட்ரௌட் குஞ்சுகளைத் தின்னும் என்ற காரணத்தால், சங்கங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனைக் கூட்டமாகப் பிடித்துக் கொன்று ஒழிக்க முற்பட்டன. நீர்க்காகத்தைச் சுட்டுக் கொண்டுவருபவருக்கு வெகுமதி கொடுத்தன. சங்கத்தின் கணக்கில் இவை "ஆறு பராமரிப்பு"ச் செலவு போலத்தான் தோன்றியிருக்கும். ஓர் ஊராரின் சாப்பாடு மற்றோர் ஊராரின் விநோதத்துக்கு இடையூறு என்று எண்ணப்பட்டதே அதன் உட்பொருள். விநோதம் என்னும் சொல் மிகையன்று. நியூஜீலந்தில் ட்ரௌட்டை விற்பதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. சீட்டு வாங்கியவர் தூண்டிலிட்டுப் பிடித்துத் தாமே உண்ணலாம், அவ்வளவே. ஆதலின் இம்மீனால் ஏழைக்குப் பிழைப்பு ஏற்பட்டது என்று சொல்வதற்கும் இல்லை. சீட்டுப் பணம், பிரயாணிகள் வரவு, அவர்களால் விடுதிகளுக்கு வருமானம் ஆகியவை உண்மையே. அவற்றை மறுக்க வேண்டியதில்லை.

ட்ரௌட் உண்மையிலேயே சுதேச மீன்களை விரட்டிற்றா, அன்றித் தற்செயலாக இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தனவா என்ற வினாவுக்கு நீண்ட காலம் தெளிவான விடை இருக்கவில்லை. விடை கண்டது தெற்குத் தீவின் தையரி நதியில். காலின் டௌன்ஸென்ட், டாட் க்ரௌல் என்ற இருவர் அந்நதியின் கிளைகளிற் பல இடங்களை ஆராய்ந்து 1991இல் முடிவை வெளியிட்டனர். காலக்ஸியஸ் பெரும்பாலும் எங்கே இருந்தது? கீழே மூன்று மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள நீர்வீழ்ச்சி உள்ள ஓடைகளில். ட்ரௌட்டால் அவ்வளவு உயரம் தாவ இயலாது. வீழ்ச்சிக்குக் கீழே ட்ரௌட், மேலே காலக்ஸியஸ். ஜலம் ஒன்றே, கல் ஒன்றே, குளிரும் ஏறத்தாழ ஒன்றே; நடுவில் நின்ற பாறைதான் வேறுபாடு. ஒரு காலத்தில் நதி முழுவதும் பரவியிருந்த மீன், இப்போது ஓடைகளின் தலைப்புகளில் துண்டு துண்டாக அகப்பட்டிருந்தது. ஒரு கோடை வறட்சியில் அத்துண்டுகளுள் ஒன்று வற்றினால், கீழிருந்து வந்து அதனை மறுபடி நிரப்ப உறவினர் இல்லை.

மாறுதல் மீனோடும் நிற்கவில்லை. ஓடைக் கற்களின் மேல் படரும் பாசியை மேய்வன நீர்ப்பூச்சிகளின் புழுக்கள். சுதேச மீன் இரவில் வாசனையாலும் ஸ்பரிசத்தாலும் இரை தேடுவது. ட்ரௌட்டோ பகலில் கண்ணால் தேடுவது. ட்ரௌட் உள்ள ஓடைகளில் அப்புழுக்கள் பகலெல்லாம் கல்லின் அடியில் ஒளிந்து இரவில் மட்டும் மேலேறி மேய்கின்றன. மேய்ச்சல் குறைந்தால் பாசி தடிக்கிறது. அலெக்ஸாண்டர் பிளெக்கரும் டௌன்ஸென்டும் ஓடையிலேயே அடைப்புகள் அமைத்துச் சோதித்து 1994இல் இதனை நிரூபித்தனர்: ட்ரௌட் விட்ட அடைப்பில் பூச்சி குறைவு, பாசி மிகுதி. வயலில் ஆடு மாடு குறைந்தால் புல் உயர்வதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது. ஆனால் மீன் ஒன்றைக் கொணர்ந்தால் கல்லின்மேல் உள்ள பாசி வரையில் மாறும் என்பதனை 1867இல் எந்தக் கமிட்டியும் எண்ணிப் பார்த்திருக்க நியாயமில்லை.

தாஸ்மேனியாவில் பெட்டர் என்ற மலை ஏரியில் மட்டும் வாழ்ந்த ஒருவகைக் காலக்ஸியஸ் இருந்தது. 1972இல் மின்சார உற்பத்திக்காக அந்த ஏரி பெரிய நீர்த்தேக்கத்தில் மூழ்கடிக்கப்பட்டது. நீர்மட்டம் உயர்ந்தவுடன் முன்பு எட்டாமலிருந்த ட்ரௌட்டுக்கும், அதனுடன் வேறொரு காலக்ஸியஸ் வகைக்கும் வழி திறந்தது. சில பத்தாண்டுகளில் சுதேச மீன் தன் சொந்த ஏரியில் அறவே இல்லாமற் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் எஞ்சியிருந்த சிலவற்றைப் பிடித்து, மீனற்ற ஓபெரான் என்ற சிறிய மலை ஏரியில் விட்டதனால்தான் அவ்வினம் பூமியில் நிலைத்திருக்கிறது.

ஐரோப்பாவுக்குள்ளேயே கூட இம்மீன் அன்னியனாக நடந்துகொண்ட இடம் உண்டு. ஸ்லோவேனியாவின் ஸோச்சா நதியில், சலவைக்கல்லைப் போன்ற வரிகளையுடைய மற்றொரு ட்ரௌட் இனம் வாழ்கிறது. 1906இல் அங்கே பழுப்பு ட்ரௌட் விடப்பட்டது. இங்கே தின்று அழிப்பது மட்டும் அன்று, கலப்பு. இரண்டும் நெருங்கிய உறவினவாதலால் கூடிக் குஞ்சு பொரித்தன. நதி முழுவதும் கலப்பினம் பரவிற்று. தூய இனம் மறைந்ததென்றே கருதப்பட்டது. பின்னர், நீர்வீழ்ச்சிகளுக்கு மேலே எவரும் மீன் விடாத சில ஓடைகளில் அது கலப்பின்றி உயிரோடிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. தையரியில் போலவே இங்கும் காப்பாற்றியது பாறை. 1993 முதல் அத்தூய மீன்களிலிருந்து முட்டையெடுத்து வளர்த்து நதிக்குத் திருப்பும் வேலை நடந்துவருகிறது; அதில் முன்னின்று உழைப்பது டொல்மின் ஊரின் மீன்பிடிப்போர் சங்கம் என்பது இங்குள்ள அங்கத்தினர்களுக்கு மகிழ்ச்சி தரும். சங்கத்தால் வந்த கேட்டைச் சங்கமே திருத்த முன்வருவதும் உண்டு.

2000ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட மிகக் கேடான நூறு அன்னிய உயிரினங்களின் பட்டியலில் பழுப்பு ட்ரௌட்டும் இடம்பெற்றது. நியூஜீலந்தின் பழைய சங்கங்கள் 1990இல் கலைக்கப்பட்டு, சட்டத்தின் கீழ் மீன் வேட்டைக் கவுன்ஸில்களாக மாறின. அவை இன்னும் சீட்டுப் பணத்தால் நடைபெறுகின்றன. சுதேச மீன்களைக் காக்கும் பொறுப்பு வேறோர் இலாகாவினுடையது. ஒரே ஆறு, இரண்டு நிர்வாகம். ஒன்றின் வரவு மற்றொன்றின் செலவு. 2017ஆம் வருஷத்து மதிப்பீட்டின்படி அந்நாட்டுச் சுதேச நன்னீர் மீன் வகைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழியும் அபாயத்திலோ அதனை நெருங்கியோ இருக்கின்றன. பால் பண்ணைக் கழிவும், பாசனத்துக்கு நீர் எடுப்பதும், சதுப்பு நிலங்களை வற்றடித்ததும் அதற்குப் பெருங்காரணங்கள். அவற்றை மறைத்து எல்லாப் பழியையும் ட்ரௌட்டின் தலையில் ஏற்றுவது குற்றவாளியைத் தப்பவிடுவதாகும்.

நதி முழுவதும் பரவிவிட்ட மீனைத் திரும்ப எடுப்பது இயலாத காரியம். வலையும் மின்சாரமும் மருந்தும் சிறு ஓடைகளில் மட்டுமே பயன்படும். ஆகையால் ஒடாகோ மாகாணத்தில் இப்போது செய்யப்படுவது பாறையின் வேலையை மனிதர் செய்வதுதான். ஓடையின் தலைப்பில் காலக்ஸியஸ் எஞ்சியிருக்கும் இடத்துக்குக் கீழே, ட்ரௌட் தாவமுடியாத உயரத்தில் ஒரு சிறு தடுப்புக் கட்டுகிறார்கள். பின்பு மேற்புறத்திலுள்ள ட்ரௌட்டுகளை மின்சாரக் கருவியால் மயக்கிப் பிடித்து அப்புறப்படுத்துகிறார்கள். மற்ற இடங்களில் அணைக்கட்டு மீனுக்குச் சத்துரு. கடலுக்குப் போய்வரும் விலாங்கும் பிறவும் அதனால் வழி இழக்கும். எனவே கடல் செல்லாத மீன் மட்டும் உள்ள ஓடையா என்று முதலில் நிச்சயித்துக்கொண்டே கல் வைக்கவேண்டியிருக்கிறது. கட்டியபின்பும் வேலை தீர்வதில்லை. ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் ஆள் நடந்துபோய்த் தடுப்பின் ஓரம் அரித்திருக்கிறதா, மேலே ஏதேனும் ஒரு ட்ரௌட் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வருகிறார்கள்.